தலைப்பக்கம் நின்றவள்

உனக்கு,

புதன்கிழமை காலை ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பசுமலையில் வழக்கமாக விடுகிற அதே கடைதான். மெக்கானிக் சீட்டைத் தூக்கி உள்ளே கிடந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தார். மழைக்கோட்டு, காய்கறிப் பை, ஒரு ஜோடி கையுறை. கடைசியாக வட்டமான ரப்பர் பிரஷ் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "என்ன டீச்சர் இது, நாய் குளிப்பாட்டுறதா?" என்றார். அதன் பற்களுக்கு நடுவில் செம்பழுப்பு முடி இன்னும் சிக்கியிருந்தது. சூடேறிய ரப்பரோடு நம் மின்னலின் உடம்பு வாடையும் எழுந்தது. வைக்கோல், வியர்வை, கொஞ்சம் மூத்திரம். "குதிரைக்கு" என்றேன். அவர் சிரித்தார். நான் உண்மை சொன்னால் யாரும் நம்புவதில்லை, பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடி அந்த பிரஷ்ஷை முகர்ந்து பார்த்தேன். உன் வாடை ஏதாவது அதில் இருக்குமா என்று தேடினேன். நீ பூசுகிற பவுடர், உன் வெற்றிலை. எதுவும் இல்லை. முழுக்க முழுக்கக் குதிரைதான். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. போகிறவள் இதிலாவது கொஞ்சம் இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

அன்று சாயங்காலமே உன் அண்ணன் போன் செய்தார். பங்குனியில் உன்னை எடுத்த பிறகு அவர் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? குதிரை விசயமாத்தான் பேசுறேன். தேனிப் பக்கம் ஒரு ஆளு கேக்குறாரு. ஞாயித்துக்கெழம காலைல வண்டி கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு."

"எதுக்குக் கேக்குறாரு அண்ணே?"

"எதுக்குன்னு நான் கேக்கல டீச்சர். ஆரையும் கிட்ட விட மாட்டேங்குது. கால் கொளம்பு பாக்க முடியல. தோள்ல ஈ மொய்க்குது, தொடைக்க முடியல. முந்தாநேத்து எம் மருமக சேலையக் கடிச்சு இழுத்துருச்சு. பிள்ளைக ஓடியாடுற வீடு, நான் என்னத்தச் செய்ய? தங்கச்சி ஆசையா வளத்ததுன்னுதான் இம்புட்டு நாளும் வச்சிருந்தேன். ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க. கை வைக்க விட்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லாட்டி அவரு கொண்டு போகட்டும்."

கடிக்கிற, ஒரு கால் சரியில்லாத, வயது முதிர்ந்த பெண்குதிரையை ஒருவர் எதற்குக் கேட்பார் என்று எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. "வெள்ளிக்கெழம வாரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. நான் ஒருநாளும் மின்னலின் உடம்பில் கை வைத்து வேலை செய்தவளில்லை. அது உன் வேலை. நான் தலைப்பக்கம் நிற்பவள்.

நீ எப்படி என்னை அதில் இழுத்துவிட்டாய் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் நீ திருவாதவூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் போய் வெகுநாளாயிற்று, பிள்ளை கிடையாது, வேறு எங்கே போவாய்? நான் பசுமலை வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரே வளாகத்தில் நீ மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டும், நான் வகுப்பில் பானிப்பட்டுப் போர்களைச் சொல்லிக்கொண்டும் அத்தனை வருடம் கழித்தவர்கள், அதற்கப்புறம் போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் குதிரைவண்டிப் பந்தயத்தில் உன் அண்ணனின் குதிரை ஒரு திருப்பத்தில் இன்னொரு வண்டியோடு மோதி விழுந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது தோள் இறுகிவிட்டது, காலை முழுதாக ஊன்றுவதில்லை. தோள் பக்கம் யார் கை நீண்டாலும் காதைப் பின்னால் சாய்த்துப் பல்லைக் காட்டியது.

"பேரு மின்னலு, நடக்குறது தேர் மாதிரி" என்று போனில் சிரித்தாய். அடுத்த மூச்சிலேயே, "அதுக்கு மசாஜ் கத்துக்கிறப் போறேன். நீயும் வார" என்றாய். வருகிறாயா என்று கேட்கவில்லை. எந்தக் காலத்தில் நீ என்னைக் கேட்டிருக்கிறாய்?

வகுப்பு வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடந்தது. கால்நடை டாக்டர் நம் பள்ளியில் படித்த பெண். என்னிடம் சரித்திரம் படித்தாள், உன்னிடம் கைப்பந்து ஆடினாள். வெளியூர் போய்க் குதிரைகளுக்கான மசாஜ் கற்றுக்கொண்டு வந்து, தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லித்தரலாமே என்று ஆரம்பித்திருந்தாள். பந்தயக்காரர்களும், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களும் முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். ஊசியோ மருந்தோ கிடைக்கும் என்று நினைத்து வந்தவர்கள். "மெதுவாத் தொடணும், கேட்டுட்டுத் தொடணும்" என்று அவள் ஆரம்பித்ததும் அவர்கள் முகம் சுருங்கியது. "தடவிக் குடுக்குறதுக்கு ஒரு கிளாஸா மாப்ள?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது நம் காதிலும் விழுந்தது. வாராவாரம் கூட்டம் கரைந்து, கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றது நாம் இரண்டு பேர்தான்.

எனக்குக் குதிரை என்றால் பயம் என்பதை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. "நீ சும்மா தலைப்பக்கம் நில்லு டீச்சரம்மா. கயித்தப் பிடிச்சுக்கிட்டு அது மூஞ்சியப் பாரு, பாத்து எனக்குச் சொல்லு. பரிட்சை ஹால்ல மூஞ்சியப் பாத்தே எவ காப்பி அடிக்கிறான்னு கண்டுபிடிச்சவதான நீ?" என்றாய்.

அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது சரி. குதிரையின் முகத்தைப் படிப்பது எனக்கு வந்தது. உடம்பில் வேலை செய்கிறவருக்கு அதன் முகம் தெரியாது. கழுத்தோரமாகவும் தோளோரமாகவும் விரல்கள் நகரும்போது, வலியுள்ள இடத்துக்கு மேலே வந்ததும் குதிரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான் அது தருகிற தகவல். அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னதும் கை அங்கேயே நிற்கும். அழுத்தாது, சும்மா இருக்கும். கொஞ்ச நேரத்தில் குதிரையின் கீழுதடு தொங்கும், வாய் எதையோ மெல்லும், சில சமயம் பெரிதாகக் கொட்டாவி விடும். இறுக்கம் விட்டுவிட்டது என்று அர்த்தம். தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த அளவுக்கு மேல் கனம் கூடாது என்பாள் டாக்டர். அதோடு இன்னொன்றும் சொல்வாள். "வைக்கிறதவிட எடுக்கிறதுதான் முக்கியம் மிஸ். வேணாம்னு அது சொன்ன உடனே கையை எடுத்துரணும். எடுத்தாத்தான் மறுபடி வைக்க விடும்." என்னிடம் அடி வாங்கிய பெண் அவள். எனக்குச் சொல்லித்தரும்போதெல்லாம் "தப்பா நினைக்காதீங்க மிஸ்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள்.

முதல் வாரம் முடிந்ததுமே நீ செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டாக்டர் மசாஜ் என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தாள். எண்ணெய் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் இல்லாத மசாஜை நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? நீ நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, சனிக்கிழமை பார்த்து மின்னலின் முதுகில் வழிய வழிய ஊற்றினாய். தோள் பக்கம் போக முடியாதென்று தூரத்தில் நின்று கரண்டியால் ஊற்றினாய். அதுவும் அசையாமல் நின்றது. "பாத்தியா, சுகமா இருக்கு அதுக்கு" என்று எனக்குச் சாடை காட்டினாய். கயிற்றை அவிழ்த்ததும் அது நேராகச் செம்மண் காட்டுக்குள் போய்ப் படுத்துப் புரண்டு உருண்டது. எழுந்து வந்தபோது அய்யனார் கோயில் வாசலில் நிற்க வேண்டிய மண்குதிரை வந்து நின்றது. மறுநாள் மின்னலைப் பார்க்க வந்த டாக்டர் வாயில் கை வைத்துக்கொண்டாள். "குதிரைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டச் சொன்னேனா மிஸ் நான்? முடியில எண்ணெய் நின்னா மண்ணு ஒட்டும், ஈ ஒட்டும்." அந்த வாரம் முழுக்க வாளி வாளியாகச் சீயக்காய் கரைத்தோம். உன் அண்ணன் தள்ளி நின்று, "தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுத்துருவோமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சேற்றைச் சுரண்டுவதற்காக வாங்கியதுதான் இந்த ரப்பர் பிரஷ்.

மனிதர்கள் மேல் பழகிவிட்டுக் குதிரையிடம் போங்கள் என்று டாக்டர் சொன்னதற்காக, பசுமலை வீட்டில் பாய் விரித்து ஒருவர் முதுகில் ஒருவர் பழகினோம். நான் உன் முதுகைத் தொட்டபோது நீ குறட்டை விட்டாய். என் முறை வந்தது. நான் குப்புறப் படுத்தேன். உன் விரல்கள் கழுத்திலிருந்து இறங்கி, இடது தோள்பட்டைக்கு உள்பக்கமாக ஓரிடத்தில் நின்றன. "கல்லா இருக்குடி. இத்தன வருசமா நோட்டுக்கட்டச் சொமந்த பக்கமா இது?" என்றாய். நீ அழுத்தவில்லை. கையை அப்படியே வைத்திருந்தாய். எனக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா இறந்த பிறகு என் முதுகை யாரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணம் ஆகாதவள், தனி வீடு, டீச்சர் என்று எல்லோரும் எட்டி நின்று மரியாதை கொடுத்த உடம்பு. "இந்த எடம் உன் கைக்கு எட்டாதுடி. ஆராச்சும் ஒருத்தர் வேணும்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து கிளம்பும்முன் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கை வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாய்.

மின்னலிடம் நாம் பழக எத்தனை மாதம் ஆயிற்று! முதலில் கழுத்து மட்டும். பிறகு பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேடு. தோளுக்கு வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. நீ அந்தப் பக்கம் குனிந்துகொண்டு, "சிமிட்டுச்சா?" என்பாய். நான் இந்தப் பக்கம், "சிமிட்டுச்சு" என்பேன். நம் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஓயாமல் பேசிய நாம், உன் அண்ணன் வீட்டுக் கொல்லை வேப்பமர நிழலில் ஒற்றைச் சொல்லில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அது நான்கு காலையும் சமமாக ஊன்றி நின்று கொட்டாவி விட்டது. நீ வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்து, விசில் இல்லாமலே வாயால் விசில் அடித்தாய்.

என் வேலையில் இன்னொரு பாதியும் இருந்தது. பிடரி மேட்டில் கை வைத்தால் குதிரைக்குச் சுகமாக இருக்கும். சுகம் கண்டதும் அது தலையைத் திருப்பி, வேலை செய்கிறவரின் முதுகையோ தோளையோ மேலுதட்டால் தேய்க்க வரும். மேய்ச்சலில் இரண்டு குதிரைகள் ஒன்றுக்கொன்று அப்படித்தான் செய்துகொள்ளுமாம். நம்மையும் அது அப்படியே நினைத்துக்கொள்கிறது, ஆனால் சுகத்தில் பல்லும் பட்டுவிடும், அதனால் தலைப்பக்கம் நிற்பவர் முகத்தைத் திரும்ப விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நான் கட்டுப்பாடான மாணவி. அது திரும்பும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்து முகத்தை நேராக்கிவிடுவேன். "விடேன்டி, அதுவும் ஏதோ திருப்பிக் குடுக்கணும்னு பாக்குது, பாவம்" என்று நீ குனிந்த வாக்கிலேயே சொல்வாய். நான் விட்டதில்லை. உனக்குக் காயம் பட்டுவிடக்கூடாது என்பதுதான் எனக்கு.

பங்குனியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கொல்லையிலேயே உட்கார்ந்தாயாம். எழவில்லை. எனக்குத் தகவல் வந்து, பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக் கொட்டு ஆரம்பித்திருந்தது. உள்ளே உன் சொந்தக்காரப் பெண்கள் உன்னைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருத்தியையும் அந்த வட்டம் கைநீட்டி இழுத்துக்கொண்டது. நானும் போனேன். என்னைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து, "ஏய், டீச்சர் வந்திருக்காக, ஒரு சேரு போடு" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கையில் காபியும் வந்தது. அவர்கள் செய்தது மரியாதை. நான் அவர்கள் உறவில்லை, வேறு வேதத்துக்காரி, வெள்ளைச் சேலை கட்டிய டீச்சர். எப்படித் தரையில் இழுத்து உட்காரவைப்பார்கள்? எனக்கு அந்த வட்டத்துக்குள் யாராவது ஒருத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்த மாட்டாளா என்று இருந்தது. நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்து காபியைக் குடித்தேன்.

உன்னைத் தூக்கும்போது வேட்டுப் போட்டார்கள். கொல்லையில் மின்னல் கயிற்றை அறுத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்துக்குள் குதிரை ஓடினால் என்ன ஆகும்? உன் அண்ணனும் இன்னும் சிலரும் சேர்ந்து, வலது தோளில் மோதித் தள்ளி, கழுத்தில் வடம் போட்டு மரத்தோடு இறுக்கினார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. தங்கையைத் தூக்கிக்கொண்டிருந்த மனிதர். ஆனால் நாம் மாதக்கணக்கில் தொட்டுத் தொட்டுச் சேர்த்ததெல்லாம் அந்தப் பொழுதில் போயிற்று. அன்றிலிருந்து அது யாரையும் அண்டவிடவில்லை.

நானும் யாரையும் அண்டவில்லை, யாரும் என்னையும் அண்டவில்லை. ஆலயத்தில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது இப்போது எல்லோரும் கைகூப்புகிறார்கள். கைகொடுக்கிற பழக்கம் அந்தக் கிருமிக் காலத்தில் போனது, திரும்பி வரவே இல்லை. தையல்காரம்மா அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறாள், டேப் கூட என் மேல் படுவதில்லை. முன்பு கண்டக்டர் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைப்பார், இப்போது போனைக் காட்டினால் போதும் என்கிறார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நாளெல்லாம் யோசிக்க வேறு ஒன்றும் இல்லாததால் கவனித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவும் முடியாது. சொன்னால், அறுபதைத் தாண்டிய டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் கிளம்பினேன். டாக்டருக்குப் பிரசவமாகி அம்மா வீட்டில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "நீங்க தனியாப் போகாதீங்க மிஸ், தலைப்பக்கம் ஆள் வேணும்" என்றாள். ஆளுக்கு எங்கே போவேன்? ஆடிக் காற்றில் ஸ்கூட்டர் ஒருபக்கமாகவே போனது. தெப்பக்குளத்தைத் தாண்டும்போது உனக்குப் பிடித்த கடலைக்காரர் அதே மூலையில் நின்றார். நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

உன் அண்ணன் வாசலில் காத்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். "நான் தலையப் பிடிச்சுக்கிறவா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்தார். அவர் உருவம் தெரிந்ததுமே மின்னல் காதைப் பின்னுக்குச் சாய்த்தது. அவர் வேலி ஓரமாகவே நின்றுவிட்டார். "என்னையப் பாத்தா ஆகல அதுக்கு" என்றார். "நீங்க அங்ஙனயே இருங்க அண்ணே" என்றேன்.

மின்னலைப் பார்த்தால் உனக்குத் தாங்காது. பிடரி முடி சடைபிடித்து, வலது காலைத் தூக்கி நுனியில் வைத்துக்கொண்டு, தோளில் ஈக்களோடு நின்றது. நான் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன். முகத்துக்கு முன்னால் போய், கொஞ்சம் தள்ளி, வெறுமனே நின்றேன். புறங்கையை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. எடுத்துவிட்டேன். மறுபடி நீட்டினேன். மறுபடி திருப்பிக்கொண்டது. எடுத்தேன். வேலி ஓரத்தில் உன் அண்ணன் பீடி பற்றவைத்து, முடித்து, இன்னொன்று பற்றவைத்தார். பிறகு பையிலிருந்து அந்த ரப்பர் பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். அதை மட்டும் முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. நான் அடுப்படியில் தேடியதைத்தான் அதுவும் தேடியதோ என்னவோ. அப்புறம் மூச்சைப் பலமாக விட்டது.

கழுத்தில் கை வைத்தேன். விட்டது. கயிற்றைக் கீழே போட்டேன், வேறு வழியில்லை, ஒரே ஆளாக இரண்டு வேலையும் செய்ய முடியாது. கழுத்தோரமாகவே நகர்ந்து பிடரி மேட்டுக்கு வந்தபோது என் முகம் அதன் விலாப்பக்கம் திரும்பிவிட்டது. இத்தனை காலமாக நீ நின்ற இடம் அது. அங்கே நின்றால் ஒன்றுமே தெரியவில்லை. செம்பழுப்பு முடி, ஒரு ஈ, என் கை, அவ்வளவுதான். எப்படியம்மா இதில் நின்றாய் இத்தனை நாள்? என் வார்த்தையை மட்டும் நம்பியா?

கை தோளுக்கு இறங்கியது. தோலுக்கு அடியில் ஏதோ இறுகுவது போல இருந்தது. வலியா, நான்தான் நடுங்குகிறேனா என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சிமிட்டுச்சா?"

காற்று மட்டும் அடித்தது. வேலி ஓரத்திலிருந்து உன் அண்ணன், "என்ன டீச்சர்?" என்றார். தலைப்பக்கம் யாரும் இல்லை. நீ செத்துப்போய்விட்டாய் என்பது, உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கூட எனக்கு இப்படித் தெரியவில்லை. கையை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் பயமாக, அதன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். அழுதேன், சத்தமாகத்தான். நாற்காலி போட அங்கே ஆள் இல்லை.

அப்போது என் முதுகில் சூடாக மூச்சு பட்டது. பிறகு ஈரமாக, கனமாக ஏதோ ஒன்று இடது தோள்பட்டைக்கு உள்பக்கமாக வந்து நின்று, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கியது.

"டீச்சர்! கடிக்க வருது, தள்ளுங்க, தள்ளுங்க!" என்று உன் அண்ணன் கத்திக்கொண்டே வேலியைத் தாண்டப் பார்த்தார்.

"கடிக்கல அண்ணே. வராதீக, அங்ஙனயே நில்லுங்க. இருக்கட்டும்."

மேலுதட்டால் முன்னும் பின்னுமாக, கட்டை பிரஷ் போட்டுத் தேய்ப்பதைப் போல் தேய்த்தது. ஜாக்கெட் நனைந்தது. நடுவில் பல்லும் ஒரு தடவை பட்டது. சுரீர் என்றது. நான் அசையவில்லை. என் கை அதன் தோளிலேயே இருந்தது, அதன் உதடு என் முதுகில் இருந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே அந்த இறுக்கம் எப்போது விட்டது என்று சொல்லத் தெரியவில்லை. தூக்கி வைத்திருந்த கால் தரையில் இறங்கி ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உன் அண்ணன் வேலியைப் பிடித்தபடியே நின்றார். வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரிலேயே போனை எடுத்துத் தேனிக்காரரைக் கூப்பிட்டார். "வண்டி கொண்டாராதீக. குடுக்குறதா இல்ல... இல்லண்ணே, வீட்டுல ஒத்துக்கல" என்றார். வீட்டில் என்று அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது உன் அண்ணன் மருமகள் தட்டில் சோறு போட்டு, என்னைத் தரையில் உட்காரச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என் சேலை முழுக்க இருந்த குதிரை எச்சிலைப் பார்த்த பிறகு நாற்காலி போட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பிரஷ்ஷை மறுபடி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். அதன் பற்களில் இப்போது புது முடியும் சேர்ந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. தலைக்குக் குளித்தபோது முதுகில் அந்த இடம் எரிந்தது. பல் பட்ட இடம் சிராய்த்திருக்க வேண்டும். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை. மஞ்சளைக் குழைத்து, தோளுக்கு மேலே கையைக் கொண்டு போனேன். இடுப்புப் பக்கமாகவும் கொண்டு போனேன். எட்டவில்லை. நீதான் அன்றே சொன்னாயே, ஆராச்சும் ஒருத்தர் வேணும் என்று.

எரிச்சல் இன்னும் இருக்கிறது. ஆறாமல் கொஞ்ச நாள் இருக்கட்டும். நாளை ஆராதனை முடிந்ததும் திருவாதவூர் போகிறேன்.